மூங்கில் நட்சத்திரம்: அப்பாவுக்குக் கை நடுங்குகிறது, இந்த வருடம் யார் கட்டுவது?

கல்குளம்_பயல் | டிசம்பர் 2, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். கைவேலைப் பகுதிக்கு நான் புதுசு, பதிவு நீளமாகிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் தக்கலைக்குப் பக்கம். டிசம்பர் பிறந்துவிட்டால் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்ட அப்பா முற்றத்தில் மூங்கில் பிளக்க உட்கார்ந்துவிடுவார். ஐந்து கால் நட்சத்திரம், உள்ளே பல்பு, சிவப்பும் வெள்ளையுமாகக் காகிதம். தெருவில் எல்லா வீட்டுக்கும் கடை நட்சத்திரம் வந்த பிறகும் எங்கள் வீட்டில் அப்பா கட்டியதுதான் தொங்கும். பள்ளிக்கூட நாளில் எனக்கு அது வெட்கமாகக்கூட இருந்தது. பக்கத்து வீட்டில் பளபளவென்று ஜிகினாத்தாள், எங்கள் வீட்டில் பசைக்கறை தெரிகிற காகிதம்.

இரண்டு வருடமாக அப்பாவுக்குக் கை நடுக்கம். போன வருடம் முடிச்சுப் போட வராமல் நூலைப் பல்லால் கடித்து இழுத்துக் கட்டினார். ஒரு கால் கட்டியதோடு எழுந்து போய்விட்டார். மீதியை நான் எப்படியோ ஒப்பேற்றினேன். 20ஆம் தேதி மழையில் காகிதம் பிய்ந்து எலும்புக்கூடாகத் தொங்கியது. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

இந்த வருடம் அப்பாவும் அம்மாவும் பண்டிகைக்குச் சென்னைக்கு எங்களிடம் வருகிறார்கள், வைத்தியமும் பார்க்க வேண்டும். 18ஆம் தேதி ரயில். அதற்குள் நானே நட்சத்திரம் கட்டி பால்கனியில் ஏற்றிவிட்டால் அப்பாவுக்கு ஒரு ஆச்சரியமாக இருக்குமே என்று யோசனை. மகளுக்கு ஏழு வயது, கிறிஸ்து பிறப்புக் குடிலும் வைக்க வேண்டும் என்கிறாள்.

கேட்க வேண்டியது மூன்று. நான் கட்டினால் நட்சத்திரம் ஏன் கோணுகிறது? எந்தக் காகிதம், எந்தப் பசை? சென்னையில் மூங்கிலுக்கு எங்கே போவது?

எதிர்வாதி | டிசம்பர் 2, இரவு 10:15

கடையில் மடக்கு நட்சத்திரம் வாங்கி, விரித்து, பல்பைப் போட்டால் இரண்டு நிமிட வேலை. மூங்கில், தாள், ஆட்டோக் கூலி எல்லாம் சேர்த்துப் பாருங்கள், அதைவிட அதிகம் ஆகும். அப்பாவோடு அந்த நேரம் உட்கார்ந்து பேசலாமே.

ஓய்வுபெற்ற_கணக்கு | டிசம்பர் 3, காலை 6:05

தம்பி, கண்ணளவில் கட்டினால் கோணத்தான் செய்யும். முப்பத்தொரு வருடம் பிள்ளைகளுக்கு வடிவியல் நடத்தியவள் சொல்கிறேன், கேளுங்கள்.

ஒரு முகத்துக்கு ஐந்து குச்சி. ஐந்தும் ஒரே நீளம், ஒரு நூல்கூடக் கூடவோ குறையவோ கூடாது. ஒவ்வொரு குச்சியையும் எட்டு சம பாகமாகக் குறியுங்கள். இந்த முனையிலிருந்து மூன்றாவது குறி, அந்த முனையிலிருந்து மூன்றாவது குறி. இந்த இரண்டு இடத்தில்தான் மற்றக் குச்சிகள் அதைக் கடக்க வேண்டும். மூன்று, இரண்டு, மூன்று. இதை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

கறாரான கணக்கு வேண்டுமென்றால் குச்சியின் நீளத்தை 0.382ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். 90 செ.மீ. குச்சியில் 34.4 செ.மீ. வரும். எட்டில் மூன்று பாகம் என்றால் 33.75. முக்கால் செ.மீ.கூட இல்லாத வித்தியாசம், மூங்கில் வளைந்து கொடுத்துவிடும். பொன் விகிதம் என்று பாடப்புத்தகத்தில் பயமுறுத்துவது இதைத்தான். ஐந்து கால் நட்சத்திரம் போட்டவர்கள் எல்லாரும் அதைத் தெரிந்தோ தெரியாமலோ தொட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள்.

குச்சிகளை ஒன்றுக்கு மேலே, அடுத்ததற்குக் கீழே என்று பாய் முடைவதுபோல் கோக்க வேண்டும். வெறுமனே அடுக்கிக் கட்டினால் ஆடும். இதே அளவில் இரண்டு முகம் செய்து, ஒன்றின்மேல் ஒன்று வைத்து, ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டுங்கள். பிறகு உள்ளே குச்சிகள் கடக்கிற ஐந்து இடங்களிலும் இரண்டு முகத்துக்கும் நடுவே 15 செ.மீ. முட்டுக்குச்சி கொடுத்தால் வயிறு உப்பிக்கொள்ளும். மொத்தம் நீளக் குச்சி 10, முட்டுக்குச்சி 5.

தாள்: நடு ஐங்கோணம் முன்னும் பின்னுமாக 2, கால்களின் முன்பின் முக்கோணம் 10, பக்கவாட்டு ஒல்லி முக்கோணம் 10. ஆக 22 துண்டு. பின்பக்க ஐங்கோணத்தை முழுக்க ஒட்டிவிடாதீர்கள். பல்பை எப்படி உள்ளே விடுவீர்கள்? எங்கள் பள்ளியில் ஒரு வருடம் அப்படி ஒட்டிவிட்டு மறுபடி கிழித்தோம்.

கல்குளம்_பயல் | டிசம்பர் 3, காலை 8:20

டீச்சர், கையெடுத்துக் கும்பிடுகிறேன். நான் ஒரு தடவைகூடக் குறித்ததே இல்லை. அப்பாவும் அடிஸ்கேல் எடுத்து நான் பார்த்ததில்லை, அவருக்கு எப்படி நேராக வந்ததோ தெரியவில்லை.

கடலோடி77 | டிசம்பர் 3, மதியம் 1:30

மூங்கிலுக்கு அலைய வேண்டாம். சாலையோரம் கூடை, தட்டி முடைகிறவர்களிடம் சொன்னால் வேண்டிய கனத்துக்குப் பிளந்தே தருவார்கள். பச்சை மூங்கிலாக இருந்தால் நிழலில் இரண்டு நாள் போடுங்கள். காகிதத்துக்குப் பாரிமுனை ஆண்டர்சன் தெரு. அங்கே கிடைக்காத தாள் கிடையாது.

கப்பலில் என்னோடு இருந்த பிலிப்பினோ சமையல்காரருக்கு இந்த மாதம் வந்துவிட்டால் கை சும்மா இருக்காது. அவர்கள் ஊரிலும் இதே ஐந்து கால் நட்சத்திரம்தான், இதே மூங்கில், மெல்லிய தாள். பெயர் பரோல். விளக்கு என்பதற்கான ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்ததாம். டிசம்பர் 16இலிருந்து 24 வரை ஒன்பது நாள் விடியற்காலைப் பூசை உண்டு, அந்த இருட்டில் கோவிலுக்குப் போக அந்தக் காலத்தில் கையில் பிடித்துப் போன விளக்கு அது. பம்பாங்கா மாகாணத்தில் சான் பெர்னாண்டோ என்ற ஊரில் லாரி மேல் ஏற்றும் அளவுக்கு ராட்சத விளக்கு கட்டிப் போட்டியே நடத்துகிறார்கள்.

நடுக்கடலில் மூங்கில் ஏது? துடைப்பக் கட்டையைச் சீவிக் குச்சியாக்கினோம். தாளுக்கு, காலாவதியான கடல் வரைபடம். பல்பு போட்டதும் ஆழம் குறித்த எண்களெல்லாம் நட்சத்திரத்தின் காலில் தெரிந்தன. 14, 22, 9 என்று. கேப்டன் வந்து பார்த்துவிட்டு, இந்தக் காலில் கப்பல் தரைதட்டும் என்றார்.

வயர் விஷயம் ஒன்று, விளையாட்டில்லை. அந்தக் கால 60 வாட் குண்டு பல்பு வேண்டவே வேண்டாம், காகிதத்தைக் கருக்கிவிடும். எல்.இ.டி. பல்பு 5 வாட் தாராளம். வயர் மேலிருந்து நேராக ஹோல்டருக்கு வந்தால் மழைத்தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டே ஹோல்டருக்குள் இறங்கும். கொஞ்சம் கீழே தொங்கவிட்டு வளைத்து மேலே ஏற்றுங்கள். தண்ணீர் அந்த வளைவில் சொட்டிப் போய்விடும்.

எதிர்வாதி | டிசம்பர் 3, மதியம் 2:10

கூடை முடைகிறவர், பாரிமுனை, வயர் வளைவு. நான் சொன்ன இரண்டு நிமிடம் நினைவிருக்கட்டும்.

அடுக்களை_அரசி | டிசம்பர் 3, இரவு 8:55

எல்லாரும் அப்பாவின் நட்சத்திரத்தைப் பற்றியே உருகுகிறீர்கள். தம்பி, ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. அப்பா முற்றத்தில் மூங்கில் பிளந்த அந்த நாட்களில் அம்மா என்ன செய்துகொண்டிருந்தார்?

நானே சொல்கிறேன், நானும் அந்தப் பக்கத்துக்காரிதான். முந்திரிக்கொத்துக்குச் சிறுபயற்றை வறுத்திருப்பார். திரித்திருப்பார். சர்க்கரைப்பாகு காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டில் உருட்டியிருப்பார். உருண்டை ஆறினால் உதிரும், சூட்டோடு பிடித்தால் உள்ளங்கை கொப்பளிக்கும். மறுநாள் மாவில் முக்கி மூன்று மூன்றாக எண்ணெயில் விட்டிருப்பார். அப்புறம் அச்சு முறுக்கு, அதிரசம், வீடு கழுவல், எல்லாருக்கும் துணி. நள்ளிரவுப் பூசைக்கு முன்னால் அவர் வாசலுக்கு வந்து அந்த நட்சத்திரத்தை நின்று பார்த்திருப்பாரா? நான் என் வீட்டில் பார்த்ததில்லை. என் பிள்ளைகளும் "அப்பா வைத்த குடில்" என்றுதான் சொல்கிறார்கள்.

எதிர்வாதி | டிசம்பர் 3, இரவு 9:05

இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். கடையில் வாங்கினால் யாருக்கும் பாரமில்லை.

அடுக்களை_அரசி | டிசம்பர் 3, இரவு 9:12

இல்லை, நீங்கள் சொன்னது அது இல்லை. செய்ய வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. யார் செய்தது என்று சரியாகச் சொல்லுங்கள் என்றுதான் சொல்கிறேன். உங்கள் வீட்டு முறுக்கும் கடை முறுக்கோ?

எதிர்வாதி | டிசம்பர் 3, இரவு 9:15

ஆமாம். நன்றாகத்தான் இருக்கிறது.

நெறியாளர் | டிசம்பர் 3, இரவு 10:00

முறுக்குக்குத் தனி இழை இருக்கிறது. அங்கே போய் நொறுக்குங்கள்.

கல்குளம்_பயல் | டிசம்பர் 4, இரவு 9:30

அக்கா, கோபமில்லை. கேட்டதும் கொஞ்சம் சுருக்கென்றது, அதனால் இன்று அம்மாவிடம் போனில் கேட்டேவிட்டேன். "நட்சத்திரம் கட்டும்போது நீங்க என்னம்மா செய்வீங்க?" என்று.

"தாளு வெட்டுவது யாரு பின்ன?" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு தெரிந்தது இது. 22 துண்டும் வெட்டுவது அம்மா. ராத்திரி அடுக்களை ஒதுங்கிய பிறகு, நாங்கள் தூங்கிய பிறகு. மூன்று அட்டை அச்சு வைத்திருக்கிறார், காலண்டர் அட்டையில் வெட்டியது: ஐங்கோணம் ஒன்று, அகல முக்கோணம் ஒன்று, ஒல்லி முக்கோணம் ஒன்று. சுற்றிலும் ஒரு விரற்கடை மடிப்புக்கு விட்டு வெட்டுவாராம். பசையும் அவர்தான் காய்ச்சுவது, மரச்சீனி (மரவள்ளி) மாவில். "உங்கப்பாக்கு முடிச்சு வரும், கத்திரி பிடிக்க வராது. கோணலா வெட்டிட்டு தாளைக் குறை சொல்லுவாரு" என்றார்.

நாற்பது வயதாகிறது எனக்கு. காலையில் எழுந்தால் தாள் அடுக்கித் தயாராக இருக்கும். கடையில் அப்படியே வெட்டி விற்கிறார்கள் போல என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருக்கிறேன், அல்லது ஒன்றும் நினைக்கவே இல்லை. அட்டை அச்சு எங்கே என்றேன். பீரோவில் ஞானஸ்நானச் சான்றிதழ்கள் வைத்த கவரில் இருக்கிறதாம்.

அடுக்களை_அரசி | டிசம்பர் 4, இரவு 9:41

அந்த அச்சை ரயிலில் கொண்டுவரச் சொல்லுங்கள். பசைக்கு மரச்சீனி மாவுதான் சரி. காய்ந்தால் மைதாவைப்போல வெள்ளைத் தடம் தெரியாது. தண்ணீரில் முதலில் கரைத்துவிட்டு அடுப்பில் வையுங்கள், கொதிக்கிற தண்ணீரில் மாவைக் கொட்டினால் கட்டி கட்டியாகும். சிலர் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம், குழந்தை பசையில் கைவைக்கிற வீட்டில் போடாதீர்கள். மூன்று வாரத்துக்கு எந்தப் பூச்சியும் வந்து தின்றுவிடாது.

யாழ்_மல்லிகை | டிசம்பர் 5, அதிகாலை 4:50

வாசிக்க வாசிக்க எங்கட வீட்டு நத்தார் (நீங்கள் கிறிஸ்துமஸ் என்பது) ஞாபகம் வந்தது. நாங்கள் பாலன் குடில் என்போம். மரத்துக்குச் சவுக்கங்கொப்பு. பள்ளிக்கூடத்தில் ஒளிவிழா என்றால் ஒரு மாதம் அதே கதைதான். அக்கா சொன்ன முந்திரிக்கொத்தை வாசித்துவிட்டுச் சிரித்தேன், அது எங்கட பயத்தம் பணியாரத்தின் கூடப்பிறந்தது போல் இருக்கிறது. பயறு, சர்க்கரை, உருண்டை, மாவில் தோய்த்துப் பொரிப்பு. பெயர்தான் வேறை.

நான் தாள் ஒட்டப் பழகியது நத்தாருக்கு இல்லை, புத்தர் பண்டிகையான வெசாக்குக்கு. கொழும்பில் வெள்ளவத்தையில் இருந்த காலம், பக்கத்து வீட்டுச் சிங்கள அங்கிள் ஒவ்வொரு வைகாசிப் பௌர்ணமிக்கும் வெசாக் கூடு, அதுதான் காகித விளக்கு, கட்டுவார். ஒரே அளவான ஆறு சதுரச் சட்டம். மூலையோடு மூலை சேர்த்துக் கட்டினால் இடையில் எட்டு முக்கோணம் தானாக விழும். பிறகு ரிசு பேப்பர் ஒட்டுவது. (நீங்கள் டிஷ்யூ என்பது எங்களுக்கு ரிசு.)

அவர் காட்டித்தந்த ஒன்றைச் சொல்கிறேன். தாளை இழுத்து இழுத்து ஒட்டாதேங்கோ, கிழியும். கொஞ்சம் தளர்வாகவே ஒட்டுங்கோ, சுருக்கம் இருந்தாலும் பரவாயில்லை. பசை நன்றாகக் காய்ந்த பிறகு வாயில் தண்ணீர் வைத்துப் புகைபோல ஊதுவார், நீங்கள் ஸ்பிரே போத்தல் பாவிக்கலாம். தாள் நனைந்து தொய்யும், பார்க்கவே பயமாக இருக்கும். காயக் காயச் சுருங்கித் தவில் தோல் மாதிரி இழுபடும். விரலால் சுண்டினால் டப் என்று சத்தம் வரும். 

வைகைக்கரை | டிசம்பர் 5, காலை 11:00

குடிலைப் பற்றி யாருமே பேசவில்லை. நான் இந்து, ஆனால் கொலுவுக்குப் பார்க் வைத்து, முளைப்பாரி போட்டு வளர்ந்த வீடு. புல் விஷயத்தில் எங்களை மிஞ்ச ஆளில்லை.

கேழ்வரகு போடுங்கள். ஒரு ராத்திரி ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி, முளை எட்டிப் பார்த்ததும் தட்டில் ஒரு விரல் உயரத்துக்குத் தென்னைநார்த் தூள் பரப்பி நெருக்கமாகத் தூவுங்கள். புல் மெல்லிசாக வரும், பொம்மை ஆடு நின்றால் ஆட்டுக்கு ஏற்ற புல்லாகத் தெரியும். கோதுமை போட்டால் ஆடு காட்டுக்குள் தொலைந்த மாதிரி ஆகிவிடும்.

முளைப்பாரியை நாங்கள் இருட்டு அறையில் வளர்ப்போம், அதனால்தான் அது வெளிறிய மஞ்சளாக இருக்கும். உங்களுக்குப் பச்சை வேண்டும். மூன்று நாள் மூடி வைத்துவிட்டு அப்புறம் ஜன்னலோரம் மாற்றுங்கள். 14ஆம் தேதி தூவினால் 24க்குக் கணக்காக இருக்கும். மகளிடம் கொடுங்கள். தண்ணீரை ஊற்றக் கூடாது, தெளிக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஏழு தடவை போய்ப் பார்ப்பாள், பார்த்துக்கொண்டே இருந்தால் வளராது என்று எங்கள் அப்பத்தா சொல்லும். அதை மட்டும் நம்பாதீர்கள்.

ஓய்வுபெற்ற_கணக்கு | டிசம்பர் 5, மதியம் 12:15

குடிலின் குகைக்கு அந்தக் காலத்தில் சிமெண்ட் மூட்டையின் பழுப்புக் காகிதத்தைத்தான் கசக்கி ஒட்டுவோம். இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக் சாக்கு. ஆனால் ஆன்லைனில் பொருள் வாங்கினால் பெட்டிக்குள் முறுக்கித் திணித்து வருகிறதே பழுப்புக் காகிதம், அதே சரக்கு. கசக்கி விரித்து, பசைத்தண்ணீரில் முக்கி, நாற்காலியைக் கவிழ்த்து அதன்மேல் போர்த்துங்கள். காய்ந்ததும் செம்மண்ணும் கரித்தூளும் தொட்டு ஒற்றினால் பாறை. பெத்லகேமே உங்கள் வாசலுக்குப் பார்சலில் வந்துகொண்டிருக்கிறது.

குடில் வைக்கும் வழக்கமே அசிசி பிரான்சிஸ் 1223இல் இத்தாலியில் கிரேச்சியோ என்ற ஊரில் தொடங்கியது என்பார்கள். வைக்கோலும் நிஜ மாடும் கழுதையும்தான், சுரூபமெல்லாம் (சிலைகள்) பிறகு வந்தது. ஆகவே அழகாக வரவில்லையே என்று கவலைப்படாதீர்கள்.

முட்டம்_அலை | டிசம்பர் 6, இரவு 11:20

நான் பெரும்பாலும் வாசிப்பதோடு சரி. ஒன்று சொல்லத் தோன்றியது.

2017இல் நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தது. எங்கள் தெருவில் அந்த டிசம்பரில் நட்சத்திரம் ஏறவில்லை. கடலுக்குப் போனவர்கள் திரும்பாத வீடுகள் இருக்கும்போது யார் ஏற்றுவது. அடுத்த வருடம் எங்கள் தெருப் பையன்கள் முதலில் அந்த வீடுகளுக்குத்தான் கட்டிக் கொடுத்தார்கள். கேட்கவில்லை, கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டு வந்தார்கள். ஒரு வீட்டில் எடுத்து உள்ளே வைத்துக்கொண்டார்கள், தொங்கவிடவில்லை. அதுவும் சரிதான்.

சொல்ல வந்தது வேறு. என் தாத்தா வலை பின்னுகிறவர். கண் மங்கிய பிறகு, அவர் சிரமப்படக் கூடாது என்று மாமாக்கள் அவருக்குத் தெரியாமல் பின்கட்டில் உட்கார்ந்து வலையை முடித்தார்கள். அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒன்றும் சொல்லவில்லை. வலை ஊசியைத் தாருங்கள் பார்க்கலாம் என்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். திருப்பித் தரவே இல்லை.

அண்ணா, அப்பா வருவதற்குள் கட்டி முடித்துவிடாதீர்கள்.

முடிச்சு வரவில்லையென்றால் நூலே வேண்டாம். சைக்கிள் கடையில் பழைய டியூப் கிடைக்கும், அரை விரல் அகலத்துக்கு நாடாவாக வெட்டிக்கொள்ளுங்கள். நாலு சுற்றுச் சுற்றி நுனியைக் கடைசிச் சுற்றுக்குள் செருகினால் போதும், முடிச்சே கிடையாது. கை நடுங்கினாலும் ரப்பர் பிடித்துக்கொள்ளும். எங்கள் பக்கம் குச்சி கட்ட எல்லாரும் செய்வதுதான்.

கல்குளம்_பயல் | டிசம்பர் 7, காலை 7:00

இதை இரண்டு தடவை வாசித்தேன். ஆச்சரியமெல்லாம் வேண்டாம் என்று வைத்துவிட்டேன். மூங்கில் மட்டும் வாங்கி, குச்சி வெட்டி வைக்கிறேன். மீதி 18க்குப் பிறகு.

எதிர்வாதி | டிசம்பர் 7, காலை 9:30

சைக்கிள் டியூப் யோசனை நல்லது. தக்காளிச் செடிக்கும் ஆகும்.

கல்குளம்_பயல் | டிசம்பர் 20, இரவு 11:05

வந்துவிட்டார்கள். நேற்று முழுக்க ஓய்வு. இன்று மத்தியானம் ஹாலில் பாயை விரித்துக் குச்சிகளைக் கொட்டினேன். அப்பா சோபாவில் உட்கார்ந்து செய்தித்தாள் பார்ப்பதுபோல் இருந்தார். நான் ஸ்கேலும் பென்சிலுமாக டீச்சர் சொன்னபடி குறிக்க ஆரம்பித்தேன்.

"ஸ்கேலு எதுக்கு?" என்றார்.

இறங்கி வந்து பாயில் உட்கார்ந்தார். ஒரு நூலை எடுத்துக் குச்சியின் நீளத்துக்கு அறுக்கச் சொன்னார். அதை இரண்டாக மடித்தார், மறுபடி இரண்டாக, மறுபடி இரண்டாக. மடித்த நூலைக் குச்சியின் முனையில் வைத்து "ஒண்ணு, ரெண்டு, மூணு, இங்க போடு" என்றார். அந்தப் பக்கமும் அப்படியே. டீச்சர், மூன்று மடிப்பு என்றால் எட்டு பாகம். உங்கள் மூன்று, இரண்டு, மூன்று அப்படியே வந்து விழுந்தது! யார் சொல்லித் தந்தது என்று கேட்டேன். "எங்கப்பா இப்படித்தான் மடிப்பாரு" என்றார், அவ்வளவுதான். நூலை மடிக்கும்போதும் கை நடுங்கியது. ஆனால் மடிப்புக்கு அது ஒன்றும் செய்யவில்லை.

ரப்பர் நாடாவைக் காட்டியதும் முகம் சுளித்தார். "இது என்ன, பொதி கட்டுதியா?" அரை மணி நேரம் நான்தான் சுற்றினேன், அவர் பிடித்துக்கொண்டிருந்தார். அப்புறம் என் கையிலிருந்து ஒன்றை வாங்கி, நான் தளர்வாகச் சுற்றிய ஒரு முனையை அவிழ்த்து அவரே சுற்றினார். நுனியைச் செருகுவதற்கு நாலைந்து தடவை முயன்றார். நாங்கள் யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை, என் மகளைத் தவிர. அவள் அருகில் போய்க் குனிந்து பார்த்து, "இப்போ போயிடுச்சு தாத்தா" என்றாள். அதற்கப்புறம் சுற்றுவது அவர், செருகுவது அவள் என்று ஆகிவிட்டது.

அம்மா அச்சைக் கொண்டுவந்திருக்கிறார். காலண்டர் அட்டையின் மறுபக்கத்தில் 1991 என்று இருக்கிறது. இன்று ராத்திரி அவர் கத்தரியை எடுத்ததும் நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நீ போய் படு மக்கா" என்றார். போகவில்லை. ஐந்து துண்டு வெட்டினேன், மூன்றைத் திருப்பி வெட்டினார்.

ஓய்வுபெற்ற_கணக்கு | டிசம்பர் 21, காலை 5:50

நூலை மூன்று மடிப்பு! இத்தனை வருடம் கரும்பலகையில் ஸ்கேல் வைத்துக் குறித்தேனே. அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். ஜெர்மனியில் நீஸ்கி என்ற ஊரில் 1830களில் ஒரு பள்ளிக்கூடத்தில் வடிவியல் பயிற்சிக்காகச் செய்த பல கால் நட்சத்திரம்தான் இன்று உலகமெங்கும் தொங்கும் மொராவியன் நட்சத்திரம். உங்கள் அப்பாவையும் அந்தப் பள்ளியில் சேர்த்துக்கொண்டிருப்பார்கள்.

கல்குளம்_பயல் | டிசம்பர் 25, காலை 10:30

எல்லாருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

23ஆம் தேதி மாலை ஏற்றினோம். ஒரு கால் கொஞ்சம் சரிந்து நிற்கிறது, ஏனென்று தெரியவில்லை. யாழ் அக்கா சொன்ன தண்ணீர் வித்தை பலித்தது. தெளித்ததும் அம்மா "ஐயோ போச்சு" என்று தலையில் கைவைத்தார். காலையில் விரலால் சுண்டி டப் டப் என்று எல்லா முகத்தையும் அடித்துப் பார்த்தவரும் அவர்தான்.

கேழ்வரகுப் புல் ஒரு பக்கம் அடர்த்தி, ஒரு பக்கம் சொட்டை. மகள் ஒரே இடத்தில் தண்ணீர் தெளித்திருக்கிறாள். குடிலில் ஒரு மஞ்சள் ஆட்டோ நிற்கிறது. மூன்று ராஜாக்கள் ஒட்டகத்தில் வந்தால் லேட்டாகும், அதனால் ஆட்டோ என்றாள். மூன்று ராஜாக்கள் திருநாளான ஜனவரி 6 வரைக்கும் தினம் ஒரு சாண் நகர்த்த வேண்டும் என்று அப்பா அவளுக்கு உத்தரவு போட்டிருக்கிறார். பாலன் இயேசு சுரூபம் நேற்று நள்ளிரவுப் பூசை முடிந்து வரும்வரை அம்மாவின் கைப்பையில் இருந்தது.

அடுக்களை அக்கா, பூசைக்குக் கிளம்பும்போது எல்லாரும் லிஃப்டில் ஏறியாயிற்று, அம்மாவைக் காணோம். கீழே போய்ப் பார்த்தால் அவர் ஏற்கெனவே படியிறங்கி வந்து, வாகனம் நிறுத்தும் இடத்தில் நின்று நாலாவது மாடியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். முந்திரிக்கொத்து இந்த வருடம் நாலு பேருமாகப் பிடித்தோம். என் உருண்டைகள் எண்ணெயில் உடைந்தன.

அடுக்களை_அரசி | டிசம்பர் 25, மதியம் 3:15

பாகு முறுகியிருக்கும். அடுத்த தடவை ஒரு கம்பிப் பதத்திலேயே இறக்குங்கள். வாழ்த்துகள் தம்பி.

கடலோடி77 | டிசம்பர் 25, இரவு 8:00

வயரை வளைத்தீர்களா இல்லையா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

கல்குளம்_பயல் | டிசம்பர் 25, இரவு 8:10

வளைத்தோம் அண்ணா. நேற்று மழைக்குச் சொட்டுச் சொட்டாக அங்கேதான் விழுந்தது, கீழ் வீட்டுக்காரர் துணிமேல்.

ஓய்வுபெற்ற_கணக்கு | ஜனவரி 7, காலை 6:00

தம்பி, அந்தச் சரிந்த கால் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. நூல் மடிப்பில் தப்பு வர வழியில்லை. கணு முனையில் வந்துவிட்டதா?

கல்குளம்_பயல் | ஜனவரி 7, இரவு 9:20

இன்று இறக்கினோம் டீச்சர். ரப்பரை அவிழ்த்து எல்லாக் குச்சியையும் தரையில் வரிசையாக அடுக்கிப் பார்த்தேன். கணு இல்லை, குறியும் சரி. ஒன்பது குச்சி 90 செ.மீ., ஒன்று மட்டும் 88. அது நான் வெட்டியது. இப்போதுதான் நினைவுக்கு வருகிறது, அன்றைக்குப் பாயில் அப்பா அந்தக் குச்சியை மட்டும் இரண்டு தடவை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை.